பன்னிரண்டாம் பிரிவும் இருபத்தோராம் பிரிவும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் கடையில் உட்கார இடம் இருக்காது. பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லைக்கு மிதிவண்டியிலேயே போய் வந்துவிடக்கூடிய ஓர் ஊரில், இரண்டு கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் வைத்துக்கொண்டு அரசு விண்ணப்பங்களை இணையத்தில் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். விசைத்தறிச் சத்தம் ஓயாத தெரு அது; கடைக்கு வருகிறவர்களும் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசிப் பழகியவர்கள். மற்ற மாதங்களில் பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டைத் திருத்தம் என்று வருகிற அதே முகங்கள், கோடை தொடங்கியதும் ‘ஆர்.டி.இ.’க்காக வருவார்கள். இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி வந்த இந்த மூன்றெழுத்து எங்கள் பகுதியில் சட்டத்தைக் குறிப்பதில்லை. “பையனுக்கு ஆர்.டி.இ. வந்துடுச்சு” என்றால், தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. இடம் கட்டணமில்லாமல் கிடைத்துவிட்டது என்று பொருள்.

இணைய விண்ணப்பம் வந்த நாளிலிருந்து இதை நிரப்பி வருகிறவன் என்ற முறையில், தனியார் பள்ளிக்கு அரசு பணம் கொடுக்கலாமா கூடாதா என்ற விவாதத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். தொலைக்காட்சியில் இதைப் பேச வருகிறவர்கள் ‘பெற்றோரின் தேர்வுரிமை’ என்று ஒருவரும் ‘கல்வி வணிகம்’ என்று மற்றவரும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கடை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்தது இவ்விரண்டு சொற்களிலும் அடங்கவில்லை.

அமெரிக்கப் பொருளியலாளர் மில்ட்டன் ஃப்ரீட்மன் 1955இல் ஒரு கட்டுரையில் இந்த யோசனையை முன்வைத்தார். கல்விக்கான பணத்தை அரசு தரட்டும், அதற்காகப் பள்ளியையும் அரசே நடத்த வேண்டியதில்லை, குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டால் அவர்கள் தங்களுக்குப் பிடித்த பள்ளியில் அதைச் செலுத்திக்கொள்வார்கள் என்பது அவருடைய வாதம். அந்தச் சீட்டுக்குத்தான் வவுச்சர் என்று பெயர். சிலி நாடு 1981இல் இராணுவ ஆட்சியின் கீழ் இதை நாடு முழுவதும் கொண்டுவந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1990இலும், சுவீடன் 1992இலும் தொடங்கின. அமெரிக்காவில் சண்டை பெரும்பாலும் மதம் சார்ந்த பள்ளிகளுக்கு அரசுப் பணம் போகலாமா என்பதைச் சுற்றியே நடந்தது. 2002இல் கிளீவ்லாந்து நகரத் திட்டம் தொடர்பான வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் போகலாம் என்றது.

நம் நாட்டில் வவுச்சர் என்ற பெயரில் அரசு நாடு முழுவதும் சீட்டு அச்சடித்துக் கொடுக்கவில்லை. ஆனால் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு, தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்றும், அந்தக் குழந்தைகளுக்கான தொகையை அரசு பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அரசுப் பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு, தனியார் பள்ளி வாங்கும் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே தரப்படும். 2012இல் உச்ச நீதிமன்றம் இந்த ஒதுக்கீடு செல்லும் என்றது. 2014இல் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. பணம் குழந்தையின் பின்னால் போகிறது, குழந்தை அரசுப் பள்ளியை விட்டுப் போகிறது. பெயர் எதுவானாலும் இது வவுச்சர்தான்.

விண்ணப்பத்தில் என்னை ஒவ்வோர் ஆண்டும் திண்டாட வைப்பது வரைபடம். வீடு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளியை வைக்க வேண்டும். அங்கிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளைத்தான் கேட்க முடியும். தார்ச்சாலையை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு இரண்டு பள்ளிகள் வரும், தறித் தெருவில் உள்ளவர்களுக்கு ஒன்று வரும், ஏரிக்கரைக் காலனியில் இருப்பவர்களுக்குத் திரையில் ஒன்றும் வராது. தனியார் பள்ளி கட்டணம் கட்டக்கூடியவர்கள் குடியிருக்கும் இடத்தைப் பார்த்துத்தானே கட்டப்படுகிறது! காலனியிலிருந்து வந்த ஒரு தாய், பெயர்ப்பட்டியல் வெறுமையாக இருப்பதை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “அண்ணா, அந்தப் புள்ளியைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் தள்ளி வையுங்களேன்” என்றார். சுண்டுவிரல் அகலம் தள்ளினால் போதும், ஒரு பள்ளி வந்துவிடும். பிறகு சரிபார்ப்பில் இருப்பிடச் சான்று காட்டிக் கொடுத்துவிடும் என்று விளக்கினேன். அவர் சான்றுகளை மஞ்சள் பையில் திரும்ப வைத்துக்கொண்டு போனார். தேர்வுரிமை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சுண்டுவிரல் அகலம் என் நினைவுக்கு வருகிறது.

இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். பள்ளி வளாகத்தில் சாமியானா கட்டி, மடித்த சீட்டுகளைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, ஒரு சிறுமியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். வெளிப்படையாக நடக்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரே தெருவில், ஒரே கூலி வாங்கும் இரண்டு குடும்பங்களில் ஒரு வீட்டுப் பிள்ளை டை கட்டிக்கொண்டு வேனில் ஏறுவதற்கும் மறுவீட்டுப் பிள்ளை ஏறாததற்கும் காரணம் அந்த வாளி என்பதை ஊர் மறப்பதில்லை. வேன் கட்டணத்தைப் பெற்றோர்தான் கட்டுகிறார்கள். சீருடை, நோட்டு, ஆண்டு விழா என்று மற்றவையும் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு சட்டத்தின் பொறுப்பு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வர வேண்டும். நம் அரசும் இதை அறிந்தே இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆர்.டி.இ. வழியாக எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

2025ஆம் ஆண்டு அந்த வாளிக்கே வேலை இல்லாமல் போயிற்று. தேசியக் கல்விக் கொள்கையையும் அதையொட்டிய பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தையும் ஏற்கவில்லை என்பதால் தமிழ்நாட்டுக்குரிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அந்தப் பணம் வராமல் ஆர்.டி.இ. சேர்க்கையைத் தொடங்க முடியாது என்று மாநில அரசு சொன்னது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் தினமும் பத்துப் பேராவது என் கடைக்கு வந்து “தளம் திறந்துச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் அக்டோபரில்தான் அறிவிப்பு வந்தது, அதுவும் ஏற்கெனவே அந்தத் தனியார் பள்ளிகளில் சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்து தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடாக வந்தது. கல்வியாண்டின் நடுவில் வேறு வழி இருந்திருக்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆயினும் ஜூன் மாதம் கையிலிருந்தோ கடன் வாங்கியோ கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் மட்டுமே அக்டோபரில் அந்த வகுப்பறையில் இருந்தார்கள். கட்ட முடியாமல் பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்பியவர்கள், யாருக்காக அந்தச் சட்டம் எழுதப்பட்டதோ அவர்கள், பட்டியலிலேயே இல்லை.

எல்லைக்கு அப்பால் கதை வேறு. என் தங்கையை நகரிப் பக்கம் கொடுத்திருக்கிறோம். அங்கேயும் தறிதான், அங்கேயும் வீட்டுக்குள் தமிழ்தான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் எங்கள் ஊர்களும் இந்தப் பக்கம் வந்தபோது கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட குடும்பங்களில் ஒன்று அது. 2020 ஜனவரியில் அப்போதைய ஆந்திர அரசு சித்தூரில் வைத்து ‘அம்ம ஒடி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாயின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 15,000 ரூபாய். பள்ளி அரசுடையதா தனியாருடையதா என்ற பேதம் கிடையாது. ஆட்சி மாறியபின் 2025 ஜூனில் அதுவே ‘தல்லிகி வந்தனம்’ என்று பெயர் மாறி, தாய்க்கு ஒரு பிள்ளை என்ற வரம்பை நீக்கி, படிக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் என்று விரிந்தது. 15,000இல் 2,000 ரூபாயைப் பள்ளிப் பராமரிப்புக்கென்று பிடித்துக்கொண்டு 13,000 ரூபாய் கணக்கில் போடுகிறார்கள். 75 விழுக்காடு வருகை வேண்டும், வீட்டில் மின்சாரம் 300 அலகைத் தாண்டக் கூடாது, கார் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகளும் உண்டு.

“உங்க ஊர்ல காசு பள்ளிக்கூடத்துக்குப் போகுது, எங்க ஊர்ல என் கைக்கு வருது. எது மேலுன்னு நீயே சொல்லுண்ணா” என்றாள் தங்கை, போன பொங்கலுக்கு வந்திருந்தபோது. பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. ஏனென்றால் அவளுடைய முறையில் வரைபடப் புள்ளியும் இல்லை, வாளியும் இல்லை, பள்ளி அலுவலகத்தில் ‘இலவசப் பிள்ளை’ என்ற பார்வையும் இல்லை. கட்டணம் கட்டும் தாயாகத்தான் அவள் உள்ளே போகிறாள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு தறிக்கு வாங்கிய கடனுக்கும் போகிறது என்பதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. தறி ஓடினால்தானே பிள்ளை பள்ளிக்குப் போகும். ஆனால் நான் கேட்ட இன்னொரு கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. பள்ளி சரியில்லை என்றால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டேன். “வேற ஸ்கூலுக்கு மாத்திடுவேன்” என்றாள். ஃப்ரீட்மன் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அவள் மகள் ஏழாம் வகுப்பு. ஒருமுறை நாங்கள் அங்கே போய்த் திரும்புகையில் நகரிப் பேருந்து நிலையத்தில் எங்களை வழியனுப்ப வந்தவள், தமிழ்நாட்டு வண்டியின் நெற்றிப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாமா, இது திருத்தணி போற பஸ்ஸா?” என்று கேட்டாள். என்னிடம் கேட்டது தமிழில்தான். அந்தப் பலகையில் எழுதியிருந்ததும் தமிழில்தான். அப்பகுதியில் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது அரசுத் தமிழ்வழிப் பள்ளிகள் மட்டுமே. பணத்தோடு தனியார் பள்ளிக்கு மாறுகிற குழந்தைக்குத் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கிடைக்கின்றன. இந்தப் பக்கம் பள்ளிப்பட்டிலும் திருத்தணியிலும் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான், மொழியை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். எல்லைப்புறத்தில் சிறுபான்மை மொழி சந்தையில் விலைபோகாத சரக்கு. எந்தத் தாயும் அதற்காகப் பணம் செலவழிக்கமாட்டாள், ஆனால் போனபின் வருந்துவாள்.

நான் இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் என் மருமகள் மட்டுமல்ல. பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 2008இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஒரு பெரிய சோதனை நடந்தது. 5 மாவட்டங்களில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, முதலில் எந்தெந்தக் கிராமத்துக்கு வவுச்சர் என்று குலுக்கல், பிறகு அந்தக் கிராமங்களில் எந்தெந்தக் குழந்தைக்கு என்று இன்னொரு குலுக்கல். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளியலாளர்கள் அதன் முடிவுகளை 2015இல் வெளியிட்டார்கள். வவுச்சர் பெற்றுத் தனியார் பள்ளிக்குப் போன குழந்தைகளுக்கும், கேட்டும் கிடைக்காமல் போன குழந்தைகளுக்கும், தெலுங்கிலும் கணக்கிலும் வேறுபாடு இல்லை. தனியார் பள்ளிகள் அவ்விரண்டுக்கும் குறைந்த நேரத்தையே ஒதுக்கின. மிச்ச நேரத்தில் ஆங்கிலமும் இந்தியும் மற்றப் பாடங்களும் நடத்தின. இந்தியில் மட்டும் வவுச்சர் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். இதையெல்லாம் அரசுப் பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செய்தார்கள் என்பது ஆய்வின் மறுபாதி. ஆதரிப்போர் இந்த மறுபாதியை மட்டும் படிக்கிறார்கள், எதிர்ப்போர் முற்பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செலவு குறைந்ததற்குத் தலையாய காரணம் தனியார் பள்ளி ஆசிரியருக்குக் கொடுக்கும் சொற்பச் சம்பளம். என் கடைக்கு வேலைவாய்ப்பு விண்ணப்பம் போட வரும் பி.எட். முடித்த பெண்களைக் கேட்டால் அந்தச் சிக்கனத்தின் உள்விவரம் தெரியும்.

இந்த ஆய்வில் என் கருத்துக்கு இடைஞ்சலான ஒன்றும் இருக்கிறது. வவுச்சர் பிள்ளைகள் போனபின் அரசுப் பள்ளியில் தங்கிவிட்ட குழந்தைகளின் மதிப்பெண் குறையவில்லை என்கிறது அது. போகிறவர்கள் போவதால் இருப்பவர்களுக்குக் கேடு என்று அடித்துச் சொல்ல அந்தச் சான்று இடம் தரவில்லை. அப்படியானால் என் மனக்குறைதான் என்ன?

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். இந்தக் குழுவும் அதே கல்வி உரிமைச் சட்டத்தில் பிறந்ததுதான், இருபத்தோராம் பிரிவு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் அதை 20 பேர் கொண்ட குழுவாக்கி, அப்பள்ளியில் படிக்கும் குழந்தையின் தாய் ஒருவரைத் தலைவராக வைத்தார்கள். எங்கள் ஊரில் தலைவரானவர் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கும் ஒரு பெண். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், வாய் கொஞ்சம் நீளம். அவருடைய மூத்த மகள் அப்போது அங்கே மூன்றாம் வகுப்பில் இருந்தாள். முதல் கூட்டத்திலேயே கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருந்தது. தண்ணீர் வராததால் நாறும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். “பூட்டி வெச்சிருந்தா அது கழிப்பறை இல்லீங்க சார், அலமாரி” என்றார். அடுத்த நான்கு மாதத்தில் ஊராட்சி மன்றத்துக்கு மூன்று மனு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு இரண்டு மனு. அத்தனையும் என் கடையில் தட்டச்சு செய்தவை, பக்கத்துக்குப் பத்து ரூபாய் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழாய் வந்தது. நீண்ட விடுப்பில் போன ஆசிரியைக்கு மாற்றாக ஒருவர் வந்தார். சத்துணவு முட்டையின் அளவு பற்றிக்கூடச் சண்டை நடந்ததாகக் கேள்வி.

2023 மே மாதம் அவரே மகனோடு கடைக்கு வந்தார், ஆர்.டி.இ. விண்ணப்பம் போட. தறித் தெருவுக்குத் திரையில் ஒரு பள்ளி வரும் என்றேனே, அது வந்தது. குலுக்கலில் பெயரும் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு மூத்த மகள் ஐந்தாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும், ஊர்ப் பள்ளியில் அவருக்குப் பிள்ளை இல்லை. ஆகவே குழுவில் இடமும் இல்லை. மகன் படிக்கும் தனியார் பள்ளியிலோ அப்படி ஒரு குழுவே கிடையாது, ஏனென்றால் அரசு உதவி பெறாத பள்ளிகளுக்கு இருபத்தோராம் பிரிவு பொருந்தாது என்று அந்தச் சட்டமே விலக்கியிருக்கிறது. அவர் பிள்ளைக்காக அந்தப் பள்ளிக்குப் பொதுப்பணம் போகிறது. அந்தப் பணத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்க அவருக்கு அங்கே நாற்காலி இல்லை. வாயிற்காவலரைத் தாண்டி அலுவலகத்துக்குப் போக ஆண்டுக்கு மூன்று முறை வாய்ப்புக் கிடைக்கிறது, மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட. கழிப்பறையை அலமாரி என்று சொன்ன அதே பெண், அங்கே காலணியை வெளியே கழற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்ததை நானே பார்த்தேன். என் மகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள், நான் முழுக் கட்டணம் கட்டுகிறவன்.

சட்டம் ஒரே கையால் ஏழைப் பெற்றோருக்கு இரண்டு வழிகளைக் கொடுத்தது. இருபத்தோராம் பிரிவு, இரு, கேள், சண்டை போடு என்கிறது. பன்னிரண்டாம் பிரிவு, வேண்டாம், கிளம்பிப் போ என்கிறது. இரண்டும் தேவையானவைதாம். ஆனால் அலைந்து சான்று வாங்கி, நாள் தவறாமல் விண்ணப்பம் போட்டு, குலுக்கலுக்கு நேரத்தில் வந்து நிற்கிற பெற்றோரும், கூட்டத்தில் எழுந்து சாவியைக் கேட்கிற பெற்றோரும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தாம். ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களைத்தான் பன்னிரண்டாம் பிரிவு முதலில் கூப்பிட்டுக்கொள்கிறது. மதிப்பெண்ணை அளக்கும் சோதனையில் இந்த இழப்பு பதிவாகாது, நான்கு ஆண்டில் தெரியவும் தெரியாது.

வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயத்தில் கடைக்காரர் சரக்கைத் திருத்திக்கொள்வதுபோல, பிள்ளைகள் போய்விடுவார்கள் என்ற பயத்தில் அரசுப் பள்ளி திருந்தும் என்பது வவுச்சர் வாதத்தின் மையம். நான் கடை வைத்திருக்கிறவன், அந்தப் பயம் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை அறுபதுக்குக் கீழே இறங்கியபோது சட்ட அட்டவணைப்படி இரண்டு ஆசிரியர்களே போதும் என்றாகி, மூன்றாமவர் உபரி என்று பணி நிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போனார். அவருக்குச் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. வீட்டுக்குப் பக்கமாகவே இடம் கிடைத்தது என்று மகிழ்ச்சியாகத்தான் போனார். தண்டனை கிடைத்தது ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் மேய்க்கும் அறையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு. போதாக்குறைக்குத் தனியார் பள்ளி மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.க்குக் குழந்தையை எடுத்துக்கொள்கிறது. ஊராட்சிப் பள்ளியின் கதவு ஒன்றாம் வகுப்பில்தான் திறக்கிறது. 2019இல் அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது, எங்கள் ஊர் அதில் இல்லை. பந்தயம் தொடங்கி இரண்டு ஆண்டு கழித்து ஓடுகளத்துக்கு வருகிறவனைப் பார்த்துப் போட்டி உன்னைத் திருத்தும் என்றால் எப்படி?

தனியார் நிர்வாகத்துக்குப் பொதுப்பணம் என்பதே தவறு என்று சொல்கிறவனல்ல நான். ஆங்கிலேயர் காலத்தில், 1854ஆம் ஆண்டில் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கையிலிருந்து மானியம் பெறும் பள்ளிகள் நம் நாட்டில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. என் தந்தை படித்தது அப்படி ஒரு பள்ளியில்தான். அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதற்கு ஈடாகக் கட்டணம் வாங்கக் கூடாது, கணக்குக் காட்ட வேண்டும். காலைச் சிற்றுண்டித் திட்டத்தை ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024இல் விரிவாக்கியபோது முதலமைச்சர் அதைத் தொடங்கியது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். பணம் கொடுப்பது எளிது, கணக்குக் கேட்பதுதான் கடினம் என்பதைக் கேரளத்தார் நன்றாக அறிவார்கள். 1957இல் அங்கே வந்த முதல் அரசு, தான் சம்பளம் கொடுக்கும் தனியார் பள்ளிகளின் ஆசிரியர் நியமனத்தை ஒழுங்குபடுத்த ஒரு மசோதா கொண்டுவந்தது. அதிலிருந்து மூண்ட போராட்டத்தின் முடிவில் 1959 ஜூலை 31 அன்று அந்த அரசே கலைக்கப்பட்டது. சிலியில் 2006இலும் 2011இலும் மாணவர்கள் தெருவுக்கு வந்தபின், 2015இல்தான், பொதுப்பணம் வாங்கும் பள்ளி லாபம் பார்க்கக் கூடாது, பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. திட்டம் தொடங்கி முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு!

நான் கேட்பது சிறிய கோரிக்கை. வகுப்பில் நான்கில் ஒரு பிள்ளைக்கு அரசு பணம் கட்டுகிற பள்ளியில், அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இருபத்தோராம் பிரிவின்படி ஒரு குழு இருக்கட்டும். பணம் எந்த வாசல் வழியாகப் போகிறதோ அதே வாசல் வழியாகக் கேள்வியும் போகட்டும். ஆந்திரத்தில் தாய்க்குப் போகும் 15,000 ரூபாயில் 2,000 ரூபாயைப் பள்ளிக்கென்று பிடிக்கிறார்களே, அந்த யோசனையையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஒரு பிள்ளை விலகிப் போகும்போது அவன் விட்டுச் செல்லும் பள்ளிக்கும் சிறிது ஒதுக்கிவிட்டுப் போகட்டும். ஆசிரியர் எண்ணிக்கையைத் தலை எண்ணிக் குறைக்கும் முன் அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் ஆர்.டி.இ.யில் போனார்கள் என்று பார்ப்பதும் முடியாத காரியமல்ல. இரண்டு கணக்கும் ஒரே துறையில்தான் இருக்கின்றன.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒருமுறை சொன்னேன். தார்க்கட்டைப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எல்லாம் சரிண்ணா. ஊருக்காக நான் கத்தினேன், கத்துவேன். அதுக்காக என் புள்ள மட்டும் ஏன் குழாய் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு உக்காரணும்? உங்க பொண்ணு காத்துக்கிட்டு இருந்துச்சா?” என்றார். இல்லை என்றேன்.

சென்ற வாரம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர், மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தீர்மானத்தை அச்செடுக்க வந்தார். கழிப்பறைக் குழாயில் மறுபடியும் தண்ணீர் வருவதில்லையாம். மனு எழுத வேண்டும், கையெழுத்துப் போட ஆளில்லை என்றார். நீங்களே குழுவில் வந்துவிடுங்களேன் என்று என்னைக் கேட்டார். எனக்கும் ஆசைதான். பெற்றோர் உறுப்பினர் படிவத்தை அவரே திரையில் திறந்து காட்டினார். பெயர், கைப்பேசி எண் வரை நிரப்பினேன். அடுத்த கட்டத்தில், இப்பள்ளியில் படிக்கும் குழந்தையின் எமிஸ் எண்ணைக் கேட்டது.